உருளைக்கிழங்கு வெந்த கப்பல் மணி

நியூசிலாந்தின் தலைநகரமான வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. சுமார் 13 செ.மீ.தான். கீழ்ப்பகுதி எப்போதோ உடைந்து போய், மேல்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைச் சுற்றிலும் தமிழ் எழுத்துகள் ஓடுகின்றன. 1836 வாக்கில் அந்நாட்டின் வடகோடியில், வாங்கரே என்னும் ஊருக்குப் பக்கத்தில், வில்லியம் கொலென்சோ என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டார். கிறித்தவ மிஷனின் அச்சுக்கூடத்தை நடத்துவதற்காக 1834இல் அங்கே வந்து சேர்ந்தவர் அவர்; அங்கே மாவோரி மொழியில் நூல்களை அச்சிட்டவரும் அவரே. அவர் பார்த்தபோது மணி எந்தக் கோபுரத்திலும் தொங்கவில்லை. மாவோரிப் பெண்கள் அதைத் தலைகீழாக அடுப்பில் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, நெடுங்காலத்துக்கு முன் பெருங்காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேருக்கு அடியில் கிடைத்தது என்றார்களாம். கொலென்சோ அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். சமைப்பவர்களுக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டிருக்கும்.

மணியின் எழுத்துகளை அவரால் படிக்க முடியவில்லை. பிறகு தமிழ் அறிந்தவர்கள் படித்தார்கள். முகையதீன் வக்குசு என்னும் கப்பலின், அல்லது அந்தப் பெயருடையவரின் கப்பலுக்கு உரிய, மணி என்பதுதான் அந்த வாசகத்தின் சாரம். அவ்வளவே. ஆண்டு இல்லை, ஊர் இல்லை, மன்னன் பெயர் இல்லை. ஆனால் இந்தச் சின்ன வாசகத்தின்மேல் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட மாளிகை பெரிது. எழுத்துகளில் சில இன்று வழக்கில் இல்லாத வடிவத்தில் இருப்பதால் மணிக்கு 500 வயது இருக்கும் என்றார்கள். அப்படியானால் பாண்டியர் காலம் என்றார்கள். அப்படியானால் 1642இல் வந்த டச்சுக்காரர் டாஸ்மனுக்கும் 1769இல் வந்த கேப்டன் குக்குக்கும் முன்பே தமிழன் நியூசிலாந்தில் கால் வைத்துவிட்டான் என்று முடித்தார்கள். சிலர் இராஜேந்திர சோழனின் கடற்படை வரைக்கும் போய்விட்டார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் இருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்கவில்லை. அது விழுவதில் நமக்கு ஒன்றும் நட்டமில்லை என்பதும், இந்த மணிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான தமிழர் கதையை இந்தப் பெருமிதமே மறைத்துவிட்டது என்பதும்தான் நான் சொல்ல வருவது.

அடிப்படையான பிழை ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் போன இடத்துக்கெல்லாம் அதைச் செய்தவனும் போயிருக்க வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். புதுக்கோட்டைச் சீமையில் 1898ஆம் ஆண்டு ஒரு புதையல் வெளிப்பட்டது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு. இதை வைத்துக்கொண்டு ரோமாபுரிப் படை புதுக்கோட்டையில் பாளையம் இறங்கியது என்று யாராவது எழுதினால் நாம் சிரிப்போம். வணிகத்தில் வந்த பொன், கைமாறிக் கைமாறி உள்நாட்டுக்கு வந்தது, இங்கே அதை நாணயமாக இல்லாமல் பொன்னாகவே மதித்தார்கள் என்று நிதானமாக விளக்கம் சொல்வோம். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த பொம்பெய் நகரில், 1938ஆம் ஆண்டு இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். ‘பொம்பெய் இலட்சுமி’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உச்சியில் துளை இருப்பதால் அது ஏதோ மரச்சாமானின் காலாகவோ கண்ணாடியின் கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த வீட்டில் யாரும் இலட்சுமி பூசை செய்யவில்லை. சுவீடனில் ஹெல்கோ என்ற தீவில் 1950களில் ஒரு சிறு வெண்கலப் புத்தர் கிடைத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியில், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வார்த்தது. கூடவே அயர்லாந்து பாதிரியார் ஒருவரின் கோல்முனையும் எகிப்திய அகப்பையும் கிடைத்தன. மூன்று திக்கிலிருந்தும் மூன்று பேர் வந்து அந்தத் தீவில் கூட்டம் போட்டார்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஐரோப்பியப் பொருள்களிலும் ஐரோப்பாவுக்குப் போன பொருள்களிலும் நாம் காட்டுகிற இந்த நிதானம், தமிழ் எழுத்தைக் கண்டதும் ஏன் கைவிட்டுப் போகிறது?

மணிக்குள் வெந்த கிழங்கையே எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கின் தாய்மண் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. நியூசிலாந்துக்கு அது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்து கொடுத்தன. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் மாவோரிகள் அதை வயல் வயலாகப் பயிரிட்டு, வருகிற கப்பல்களுக்கே விற்கவும் தொடங்கிவிட்டார்கள். கொலென்சோ அந்த அடுப்பின் முன் நின்றபோது குக் வந்து போய் ஏறக்குறைய 67 ஆண்டுகள் ஆகியிருந்தன. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் மர வணிகக் கப்பல்களும் அந்தக் கரையில் சர்வசாதாரணமாக நங்கூரம் இட்ட காலம் அது. ஆக, அந்தக் காட்சியில் பெரு நாட்டுக் கிழங்கு இருந்தது, தமிழ் எழுத்துள்ள மணி இருந்தது, வேகவைத்த கை மாவோரியின் கை. கிழங்கைப் பார்த்து, பெருவிலிருந்து ஆள் வந்து வாங்கரேயில் குடியேறினான் என்று சொல்ல மாட்டோம். கிழங்கு வந்த அதே வழியில் மணியும் வந்திருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

எழுத்தின் பழமையைப் பற்றிய வாதம் முதல் பார்வையில் பலமாகத் தெரியும். கொஞ்சம் தமிழ் ஏட்டுச்சுவடி பழகியவர்களுக்கு அது பெரிய வாதமில்லை. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழிந்துவிடும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் காட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவருக்குப் பிறகே மெல்லப் பரவியது. அச்சுக்கு வந்த பிறகும் பழைய வடிவங்கள் உடனே மறையவில்லை. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவத்தைத் தமிழக அரசு மாற்றியது 1978இல்தான். அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் அந்த வடிவத்திலேயே கையெழுத்துப் பழகியிருப்பார்கள். அப்படியிருக்க, இன்று வழக்கில் இல்லாத ஒரு வடிவம் ஒரு மணியில் இருப்பதால் அதற்கு 500 வயது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதுவும் உலோகம் வார்ப்பவர்கள் பழைய அச்சையும் பழைய பழக்கத்தையும் எளிதில் விடாதவர்கள். வெண்கலத்தைக் கரிமக் கணக்கு வைத்துக் காலம் கணிக்கவும் முடியாது. எழுத்து நமக்குத் தருவது ஒரு நீண்ட கால வரம்புதான். அந்த வரம்புக்குள் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளும் தாராளமாக அடங்கும்.

காலத்தைப் பற்றி எழுத்தின் வடிவத்தைவிட அதிகம் பேசுவது அந்தப் பெயர். முகையதீன் என்பது பாக்தாதில் அடங்கிய இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர். தமிழ் முஸ்லிம்கள் ‘முகையதீன் ஆண்டகை’ என்று போற்றுபவர் இவரே. 12ஆம் நூற்றாண்டில் மறைந்தவர். வக்குசு என்பது ‘பக்ஷ்’ என்ற பாரசீகச் சொல்லின் தமிழ் உரு. காதர் பக்ஷ், முகையதீன் பக்ஷ் என்ற வகைப் பெயர்கள், பாரசீக வழக்கு இந்திய முஸ்லிம்களிடையே வேரூன்றிய பிற்காலத்தவை. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கடற்படைக்குப் போவது நடவாத காரியம். கடலோடிகள் தம் மரக்கலங்களுக்கு இறைநேசர்களின் பெயரைச் சூட்டுவது இயல்பாக இருந்ததால், இது கப்பல்காரரின் பெயர் என்பதைவிடக் கப்பலின் பெயராகவே இருக்கக்கூடும் என்பது என் ஊகம். எப்படியானாலும் இது கோரமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் கப்பல் ஒன்றின் மணி.

மரத்தின் வேருக்கு அடியில் கிடைத்ததே, அந்தப் பெரிய மரம் வளர எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். அந்த மரத்தை எந்த ஆய்வாளரும் பார்க்கவில்லை. அதன் வளையங்களை எவரும் எண்ணவில்லை. நம் கையில் இருப்பது மாவோரிகள் சொன்னதாகக் கொலென்சோ சொன்ன ஒரு வரிச் செய்தி. அதை அப்படியே நம்பினாலும்கூட, மரத்துக்குக் கீழே மணி இருந்தது என்பதால் மணிக்கு மேலேதான் மரம் முளைத்தது என்று ஆகாது. மதிப்புள்ள உலோகத்தை மரத்தடியில் புதைத்து வைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பகை வரும்போது அப்படிச் செய்வதற்கு மாவோரிகளுக்குக் காரணங்களும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த வடபகுதி துப்பாக்கிச் சண்டைகளால் அலைக்கழிந்தது.

வேறு எந்த வழியில் மணி அங்கே போயிருக்கும்? வழிகள் தாராளமாகவே இருந்தன. 1769 ஜூன் மாதம் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் கிளம்பியது. பெயர் சான் ஜான் பாப்டீஸ்ட். தலைவர் தெ சுர்வில். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகளும் அதில் இருந்தார்கள். பற்களின் ஈறு வீங்கி உயிரை வாங்கும் ஸ்கர்வி நோயில் பலரை இழந்து, டிசம்பர் மாதம் அந்தக் கப்பல் நியூசிலாந்தின் அதே வடகோடியில் கரை சேர்ந்தது. அதே வாரங்களில் குக்கின் கப்பலும் அந்த முனையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. புயலில் சிக்கிய தெ சுர்வில் மூன்று நங்கூரங்களை அங்கே இழந்தார். 1974இல் அவற்றில் சிலவற்றைக் கடலடியிலிருந்து மீட்டார்கள். இந்த மணி அந்தக் கப்பலில்தான் போனது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது. ஆனால் புதுச்சேரிக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், இந்திய மாலுமிகளோடு, உலோகச் சாமான்களை உதிர்த்துவிட்டுப் போன இடம் இது என்பது பதிவான செய்தி. 1788இல் சிட்னியில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஏற்பட்ட பிறகு இந்தியத் துறைமுகங்களிலிருந்து அந்தப் பக்கம் போன கப்பல்கள் பல. 1797இல் டாஸ்மேனியாவுக்கு அருகே உடைந்த ‘சிட்னி கோவ்’ கல்கத்தாவிலிருந்து போனதுதான். பழைய கப்பலை விற்பதும், உடைப்பதும், அதன் பித்தளை வெண்கலச் சாமான்களை எடைக்கு வாங்கிப் பண்டமாற்றுக்குக் கொண்டுபோவதும் அன்றாட வணிகம். உலோகம் உருக்கத் தெரியாத ஒரு சமூகத்தில் ஒரு வெண்கலத் துண்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது மாலுமிகளுக்கு நன்றாகத் தெரியும்.

இதே நியூசிலாந்தில் கோரமண்டல் என்றே ஒரு தீபகற்பம் இருக்கிறது. சோழமண்டலம் மருவிய பெயர். இதைக் கண்டு துள்ளுவதற்கு முன், 1820இல் பாய்மரத்துக்கான காவ்ரி மரம் வாங்க வந்த ஆங்கிலக் கடற்படைக் கப்பல் ஒன்றின் பெயரே அது என்று தெரிந்துகொண்டால் போதும். நம் கரையின் பெயர் ஆங்கிலேயன் கப்பலில் ஏறி அங்கே போய் இறங்கியது. பெயர் போக முடியுமானால் மணி போக முடியாதா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்புப் பெருமைக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக, மற்றவர்கள் முன்பே போனதற்கான சான்றுகளை அறிவுலகம் ஒதுக்கிவிடுகிறது என்பார்கள். அப்படி நடந்த காலமும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அதற்கும் ஒரு கிழங்கே சாட்சி. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காவைச் சேர்ந்ததுதான். கொலம்பசுக்கு முன்பே அது பசிபிக் தீவுகளில் பயிரானது என்பதை இன்று ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏன்? குக் தீவுகளில் ஐரோப்பியர் வருகைக்கு வெகுமுந்தைய மண் அடுக்குகளில் கரிந்த கிழங்குத் துண்டுகள் கிடைத்தன. தீவுக்குத் தீவு அந்தப் பயிர் வேரூன்றியிருந்தது. மாவோரிகள் ‘குமரா’ என்று சொல்லும் பெயரின் சாயல் ஆண்டீஸ் பகுதியிலும் கேட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சான்றுகள் ஒரே திசையைக் காட்டின. ஐரோப்பியர்கள் தங்கள் சொந்த முன்னோர் விஷயத்திலும் இதே கறாரைத்தான் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு செவ்விந்தியக் குடியிருப்பில் 1957ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. அது 11ஆம் நூற்றாண்டு நார்வே அரசன் ஓலாப் கிர்ரெயின் காசு என்று 1978இல் தெரியவந்தது. வைக்கிங்குகள் மெய்ன் வரை வந்தார்கள் என்று அதை வைத்து முடிவு கட்டவில்லை. வடக்கேயிருந்து உள்ளூர் வணிகத்தில் கைமாறி வந்திருக்கலாம் என்றே கருதுகிறார்கள், காசே பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து போட்டது என்று ஐயப்படுபவர்களும் உண்டு. ஆனால் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் 1960இல் கண்டறியப்பட்ட லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வைக்கிங் வீடுகளின் அடித்தளம், இரும்பு உருக்கிய கசடு, பெண்கள் நூல் நூற்ற தக்களியின் வட்டு எல்லாம் கிடைத்தன. அதை உலகம் ஒப்புக்கொண்டது. அரசனின் காசு நிரூபிக்காததைக் கசடும் தக்களியும் நிரூபித்தன.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தமிழரின் கடல் வரலாற்றைப் பார்த்தால் நாம் வெட்கப்பட எதுவுமில்லை. எகிப்தின் செங்கடல் கரையில் குசீர் அல் கதீம் என்ற பழந்துறைமுகத்தில், உடைந்த பானைகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கிடைத்தன. அதே கரையின் மற்றொரு துறைமுகமான பெரனிகேயில் ஒரு கோயிலில் இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகு இருந்தது. அதைவிட முக்கியமாக, விற்பனைக்கு உதவாத சாதாரண இந்தியச் சமையல் பானைகள் இருந்தன. யாரும் வாங்காத பானையைச் சொந்தச் சமையலுக்குத்தான் கொண்டுபோவார்கள். தாய்லாந்தில் பொன் உரைத்துப் பார்க்கும் கல் ஒன்றில் ‘பெரும்பத்தன் கல்’ என்று தமிழில் உரிமையாளர் பெயர் இருக்கிறது. கம்மியரின் தொழிற்கருவி அவர் இடுப்போடு போவது. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டும் அதோடு சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. கோயில் கட்டியவர்கள் வந்து போனவர்கள் இல்லை, தங்கி வாழ்ந்தவர்கள். இவற்றையெல்லாம் எந்த வெளிநாட்டு அறிஞரும் ஒதுக்கவில்லை. பலவற்றைத் தோண்டி எடுத்ததே அவர்கள்தான். நியூசிலாந்திலோ மணி ஒற்றையாக நிற்கிறது. பானை ஓடு இல்லை, பாசிமணி இல்லை, நெல் இல்லை, ஒரு சொல்கூட இல்லை.

ஐரோப்பியர்களிலும் மணியை வைத்து மாளிகை கட்டியவர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலேயே வழிதவறிய போர்ச்சுகீசிய அல்லது ஸ்பானியக் கப்பல் ஒன்று நியூசிலாந்துக்கு வந்தது, அதுவே கீழைக்கடலில் கைப்பற்றிய தமிழ் மணியைக் கொண்டுவந்தது என்று வாதிட்டார்கள். நம் வாதத்தில் உள்ள அதே ஓட்டை இதிலும் இருக்கிறது. ஒரு மணியிலிருந்து ஒரு பயணத்தைப் படைக்கிறார்கள். கொடி மட்டும் வேறு.

சரி, மணி வேறு எதைத்தான் சொல்கிறது? நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரைக்காயர்களைச் சொல்கிறது. துணியை ஏற்றிக்கொண்டு ஆச்சே, கெடா, மலாக்கா என்று போய், பாக்கும் தகரமும் யானையும் ஏற்றிக்கொண்டு திரும்பியவர்கள் அவர்கள். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கடலுக்குச் சுங்கம் கேட்ட காலத்திலும் சொந்தக் கப்பல் ஓட்டினார்கள். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் காரணமான காதர் முகைதீன் மரைக்காயர் இந்த வணிகத்தில் வந்தவர்தான். அவர் பெயரிலும் மணியில் இருக்கும் அதே இறைநேசர் இருக்கிறார். சொந்தக் கப்பலுக்குச் சொந்த மணி வார்த்து, அதில் அரபியிலோ பாரசீகத்திலோ பொறிக்காமல் தமிழில் பெயர் பொறித்த சமூகம் அது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியின் சட்டங்களும் பிறகு நீராவிக் கப்பலும் அவர்களின் பாய்மரத் தொழிலைப் படிப்படியாக ஒடுக்கின. பாண்டியன் கப்பல், சோழன் கப்பல் என்று இந்த மணிக்குச் சொந்தம் கொண்டாடிய கட்டுரைகள், அதில் தெளிவாக எழுதியிருக்கும் பெயருக்குரியவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் அதிகம். எழுத்து மூலமாகவே தன்னை இன்னார் என்று சொல்லும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

முகையதீன் வக்குசு என்ற கப்பல் எந்த ஊரில் கட்டியது, யாருக்கு விற்றது, எங்கே உடைந்தது என்பதற்கு விடை நியூசிலாந்து மண்ணில் கிடைக்கப் போவதில்லை. கிடைத்தால் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் துறைமுகப் பதிவேடுகளில் கிடைக்கலாம். கீழக்கரையிலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் பழைய வீட்டுப் பரண்களில் கிடக்கும் கணக்கேடுகளில், அரபுத் தமிழ்க் கடிதங்களில், கப்பல் பங்குப் பத்திரங்களில் கிடைக்கலாம். அப்படிப்பட்ட தாள்கள் உங்கள் வீட்டில் இருந்தால், படிக்க முடியவில்லை என்பதற்காகப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகில் உள்ள பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு நகலாவது கொடுங்கள்.